வெள்ளைச் சாமிமாரின் வளவு

ஜூலை 1, திங்கள்

மருமகன் கையெழுத்து வைத்துவிட்டான். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

பின்வளவைத் தோண்டப் போகிறார்களாம். யூனிவர்சிற்றி ஆட்கள் வருகிறார்களாம், ஒரு மாத வேலையாம். பேப்பரில் வீட்டுப் படம் வருமாம், அதைத் தன் கடை வாசலில் ஒட்டலாமாம். குலேந்திரனுக்கு ஐம்பத்தெட்டு வயது. படம் ஒட்டுகிற வயதுதான்.

இந்த இங்கிலாந்து வீட்டின் பின்மதிலுக்கு அப்பால் கெல்டர்பெக் மடம் இடிந்து கிடக்கிறது. தூண் நிற்கிறது, வளைவு நிற்கிறது, கூரை இல்லை. முன்னொரு காலத்தில் வெள்ளை அங்கி போட்ட சாமிமார், ஊர்ச்சனம் இல்லாத இடமாகத் தேடிவந்து ஆற்றங்கரையில் கட்டிய மடம். இருந்து உழுது செம்மறி வளர்த்து நல்லாக வந்தபோது, ஓர் அரசன் அவர்களைக் கலைத்துவிட்டுக் கூரையில் கிடந்த ஈயத்தை உருக்கிக்கொண்டு போனான். அரசனே எடுத்த பிறகு சனம் சும்மா இருக்குமா? ஆளுக்கு நாலு கல்லாகக் கொண்டுபோய் வீடு கட்டியது. நான் சமைக்கிற குசினிச் சுவரும் அந்தக் கல்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில், அளவெட்டியில், நாங்கள் விட்டுவந்த வீட்டின் கதவுநிலை இப்போது யார் வீட்டில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். பெயரை இங்கே எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

என் பிரச்சினை கல் இல்லை. வளவின் கிழக்கு மூலையில், பட்டுப்போன சீமை நெல்லிப் பற்றையின் அடியில் இவர் இருக்கிறார்.

எரித்த இடத்தில் பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். மனிதனைப் பிளாஸ்ரிக்கில் போடுவதா? என் பித்தளைச் செம்பில் மாற்றி, வாயை வெள்ளைத் துணியால் கட்டினேன். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் விடும்வரைக்கும் சாம்பலை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. ஊரில் என்றால் மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். இங்கே மரத்தில் கட்டினால் பொலிஸ் வரும். அதனால் ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி மண்ணில் வைத்தேன். ஆறு மாதத்தில் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். கொரோனா வந்தது, பிளேன் நின்றது. பிறகு என் நெஞ்சு அடைத்தது. மகள் வதனி ஒவ்வொரு தையிலும் "அடுத்த வருஷம் அம்மா" என்கிறாள். என் பெட்டி கட்டிலுக்குக் கீழே அடுக்கியபடி இருக்கிறது.

இவர்கள் தோண்டி, செம்பை எடுத்து, மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால்? கடைசிவரை அந்த மனிதன் கரை சேர முடியாது.

ஜூலை 2, செவ்வாய்

வதனியிடம் சொன்னேன். எனக்கு இருப்பது அந்த ஒரு பிள்ளைதான், அவளிடம்தானே சொல்ல வேண்டும்.

"அந்த மூலையிலை அப்பா கிடக்கிறார். அதிலை கைவைக்க வேண்டாமெண்டு உன்ரை மனிசனிட்டைச் சொல்லு."

"ஒண்டும் நடக்காதம்மா. நீங்கள் சும்மா யோசியாதேங்கோ."

"சும்மாவோ? உன்ரை தேப்பனடி!"

"தெரியும்."

சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை. பெற்ற தகப்பனைக் கிண்டப்போகிறார்கள் என்கிறேன், இவளுக்குச் சோறு குழைந்துவிடும் என்ற கவலை.

இவள் என்றைக்கும் இப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன் நான் நெஞ்சு நரம்பு அடைத்து, அதற்குள் வலைபோட்டு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த அடுத்த மாதமே, குலேந்திரனின் மச்சாளின் மகள் கல்யாணம் என்று ஊருக்குப் பறந்தவள். அதற்கு முன்பு என் கட்டிலடியில் நின்று, "அப்பாவை நான் கொண்டுபோய் விட்டிட்டு வரட்டே?" என்று கேட்டாள். நான் இல்லாமல் இவரை அசைக்கக் கூடாது என்று சத்தம் போட்டேன். நேர்ஸ்மார் ஓடி வந்தார்கள். கல்யாணச் சாப்பாட்டுப் படங்களை வந்து காட்டினாள். நான் பார்க்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

வந்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாம் பெரிய ஆட்கள், பாதிப்பேர் பென்சன் எடுத்தவர்கள். முழங்காலில் மெத்தை கட்டிக்கொண்டு, மேசன் சாந்து பூசும் கரண்டியால் மண்ணைச் சுரண்டுகிறார்கள். எங்கள் ஊரில் வீட்டில் மருமக்களோடு சண்டை என்றால்தான் இந்த வயதில் ஆட்கள் இப்படி வெளியே வந்து மண் கிண்டுவார்கள்.

தலைவி ஜூடித். நரைத்த தலை, வெயிலில் சுட்ட மூக்கு. கொத்தமல்லிப் பாத்தியை ஒரே பிடியில் பிடுங்கி எறிந்தவள் அவள்தான். இதை நான் மறக்க மாட்டேன். என் பாத்தி மண் தேயிலைச் சக்கையும் முட்டைக் கோதும் போட்டு நான் ஆக்கின மண். வதனி பூச்சாடிக்குக் கடையில் பைமண் வாங்குவாள், வெள்ளைப் பொரி மாதிரி மணி கலந்த மண். அந்த மண்ணில் ஒரு பிடிகூட என் பாத்திக்கு வர நான் விட்டதில்லை.

பதினெட்டு வருஷமாக இங்கிலீஷ் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கதைக்க வராது, விளங்கும். அது இவர்களுக்குத் தெரியாது. அதுவும் ஒரு வசதி.

ஜூடித் தேத்தண்ணி நேரத்தில் ஆட்களைச் சுற்றி இருத்தி மடத்தின் கதையைச் சொன்னாள். நான் வெங்காயம் உரித்தபடி கேட்டேன். மடத்தில் இரண்டு வகைச் சாமிமாராம். எழுத்துத் தெரிந்தவர்கள் கோயிலுக்குள் நின்று பாடுவார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் தாடி வளர்த்துக்கொண்டு உழுவது, செம்மறி மேய்ப்பது, கல் சுமப்பது. சாப்பாடும் படுக்கையும் வேறு வேறு இடத்தில். கோயிலுக்குப் போகும் வழியும் வேறு, பின்னால் தனி ஒழுங்கை, சுவர் வைத்து மறைத்தது. எழுத்துப் படிக்க அவர்களுக்கு அனுமதியே இல்லையாம். எங்கள் வளவு அந்த இரண்டாவது வகை ஆட்கள் செத்தால் புதைத்துத் தாட்ட இடமாக இருக்கலாமாம்.

வெங்காயம் கண்ணில் அடித்தது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார் ஐயா. தம்பி படிக்கட்டும் என்றார். தம்பி எட்டாம் வகுப்பை மூன்று தரம் கோட்டை விட்டான்.

ஜூலை 10, புதன்

மழை. பச்சைத் தரப்பாளால் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். வளவு முழுக்கச் சேறு. குசினிக்குள்ளும் சேறு. நான்தான் துடைத்தேன்.

ஜூலை 13, சனி

ஒவ்வொரு நாள் காலையும் என் முதல் தேத்தண்ணியில் ஒரு வாய் இவருக்கு. சீனி இல்லாத பிளேன் ரீ. நெல்லிப் பற்றையின் அடியில் ஊற்றிவிட்டு ஊர்ப்புதினம் சொல்லுவேன், நாலு ஏச்சும் ஏசுவேன். உயிரோடு இருந்தபோது ஏச்சுக்குப் பதில் சொல்லமாட்டார், இப்போதும் அப்படித்தான். பற்றை பட்டு இரண்டு வருஷம். உறைபனி கொன்றது என்று வதனி சொன்னாள். முன்னைய பனிக்கெல்லாம் சாகாத பற்றை.

இன்றைக்குப் போனால் சுற்றிவரச் சிவப்பு ரேப்பு நாடா கட்டியிருந்தார்கள். நான் குனிந்து உள்ளே போனேன். பின்னால் நின்று ஒருத்தி "மேடம், மேடம்" என்று கூப்பிட்டாள். என் வளவில் என்னை மேடம் என்று மறிக்கிறார்கள்.

இவருக்கும் இதெல்லாம் பழக்கம் இல்லை. வீட்டைவிட்டு வெளிக்கிட்டால் ஒருநாளும் ஒரே தரத்தில் போன மனிதன் இல்லை. கேற்றடிக்குப் போய்க் கண்ணாடிக்குத் திரும்பி வருவார். சந்திக்குப் போய்க் குடைக்குத் திரும்பி வருவார். மூன்றாம் தரம்தான் போவார். அப்படிப்பட்டவரை யாரோ ஒருத்தி கரண்டியால் ஒரேயடியாகத் தோண்டி எடுக்கப் போகிறாள்.

ஜூலை 17, புதன்

நானே எடுப்பதென்று முடிவெடுத்தேன். விடிய எழும்பி, மண்வெட்டியைக் கொண்டுபோய் ரேப்புக்குள் நின்றேன். இரண்டு கொத்துப் போடவில்லை, குலேந்திரன் இடுப்பில் சாறத்தோடு ஓடி வந்தான்.

"மாமி! என்ன வேலை செய்யிறியள்? இது அரசாங்கம் காப்பாத்துற இடம். அனுமதியில்லாமல் ஒரு சாண் வெட்டினாலும் வழக்கு!"

"நீ ஊரைக் கூட்டி வெட்டலாம், நான் என்ரை மனிசனை எடுக்கக் கூடாதோ?"

அவன் வாய் திறந்தான், மூடினான். "அது... வதனியோடை கதையுங்கோ மாமி," என்றான்.

"அவளோடை கதைச்சாச்சு. அவளுக்குச் சோத்துப் பானைதான் பெரிசு."

அந்த நேரம் பார்த்து ஜூடித்தும் வந்துவிட்டாள். நானும் விடவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என் புருஷன். இங்கே. கீழே.

ஜூடித்தின் முகம் வெள்ளையாகப் போய்விட்டது. மண்வெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குலேந்திரனைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, "சாம்பல், சாம்பல் மட்டும்தான்!" என்று கத்தினான். பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. நான் ஆளை அடித்துத் தாட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். நாற்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த எண்ணம் வராமல் இல்லை, அது வேறு கதை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். அந்த மூலையை வேறு யாரும் தொடமாட்டார்களாம். தானே கையால் எடுத்து என் மடியில் தருவாளாம். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருக்க வேண்டுமாம். வரும் செவ்வாய்.

கொத்தமல்லியை மன்னிக்கவில்லை. ஆனால் மரியாதை தெரிந்தவள்.

ஜூலை 20, சனி

ஒரு சாமியார் வந்துவிட்டார். எங்கள் மூலைக்கு மிகக் கிட்ட.

பெட்டி இல்லை. துணியில் சுற்றி வெறும் மண்ணில் வைத்திருக்கிறார்கள், அதுதான் அவர்கள் முறையாம். துணி போய்விட்டது, எலும்பு மட்டும் சிவலைக் களிமண்ணில். முதுகெலும்பு வளைந்து தேய்ந்திருக்கிறது, சுமந்த ஆள் என்று ஜூடித் சொன்னாள். எழுத்துத் தெரியாத வகை.

சாகக் கிடப்பவரை நிலத்தில் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் கிடத்துவார்களாம் இவர்கள். ஜூடித் சொல்லும்போது என்னை ஒருதரம் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவர்களுக்குக் கதைக்கவும் தடையாம். கையால்தான் கேட்க வேண்டும். ரொட்டி வேண்டுமென்றால் இரண்டு கை விரலையும் சேர்த்து வட்டம் பிடிப்பது. மீனுக்குக் கையை வால் மாதிரி ஆட்டுவது. பாலுக்குச் சின்னி விரலைச் சூப்புவது. குலேந்திரன் அதைச் செய்து காட்டச் சொல்லிப் படம் எடுத்தான்.

ஜூலை 22, திங்கள்

நாளைக்கு வதனிக்கு லண்டனில் கூட்டமாம். மூன்று நாள் கழித்துத்தான் வருவாளாம்.

"அப்பாவை வெளியிலை எடுக்கிற நாள். நீ நிக்கமாட்டியோ?"

"வேலை அம்மா. நான் கேட்டுப் பாத்தனான், விடேல்லை."

"தேப்பன் எண்டு தெரியும் எண்டனியே?"

பெட்டியை அடுக்கினாள். ஒரே உடுப்பை மூன்று தரம் மடித்தாள். போகும்போது வாசலில் நின்று என் தோளைப் பிடித்தாள். நான் தோளை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

முழுகி, வெள்ளைச் சீலை உடுத்து, கதிரை போட்டு இருந்தேன். மடியில் புதுத் துணி விரித்து வைத்திருந்தேன். மற்ற ஆட்களை ஜூடித் அனுப்பிவிட்டாள். குலேந்திரன் கடைக்குப் போய்விட்டான். இன்றைக்கு என்று பார்த்துக் கடையில் வேலையாம்.

முதலில் நெல்லிக் கட்டையை எடுத்தாள். பிறகு மண்ணை ஒரு பக்கமாகச் செங்குத்தாக இறக்கினாள், பாண் ரொட்டியை வெட்டிப் பார்ப்பதுபோல. குழியின் பக்கவாட்டு முழுக்கத் தெரிந்தது. என் குழி. கறுத்த மண், முட்டைக் கோது மினுங்கியது.

அவள் சுரண்டிக்கொண்டே போனாள். பிறகு நிறுத்தினாள். தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். எழும்பித் தூரப் போய் நின்று பார்த்தாள். மறுபடி குந்தினாள். அதன் பிறகு கரண்டி முன்னைப்போல வேகமாக ஓடவில்லை.

"செம்பு எங்கே?" என்று கேட்டேன்.

மண்ணின் பக்கத்தில் கரண்டி நுனியால் ஒரு கோடு கீறிக் காட்டினாள். இது முதல் குழி என்றாள். அகலமானது, மண்வெட்டியால் சரிவாக, ஆறுதலாக வெட்டியது. நான் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். பிறகு அந்தக் கோட்டுக்குள்ளே இன்னொரு கோடு கீறினாள். ஒடுக்கமானது, நேரே கீழே இறங்கியது. சவளைக் காலால் மிதித்து இறக்கி வெட்டியது, அவசரத்தில் வெட்டியது என்றாள். நெல்லி வேர் ஒரு பக்கத்தில் கத்தியால் நறுக்கியதுபோல அறுந்து நின்றது. பற்றை உயிரோடு இருந்தபோது அறுத்த வேர் என்றாள்.

மண்ணை ஒருக்கால் வெட்டினால் அது பழையபடி ஆகாதாம். வெட்டினவன் மூடி மிதித்து மேலே புல் வளர்த்தாலும், எத்தனை நூறு வருஷம் போனாலும், வெட்டின இடம் வெட்டின இடம்தானாம்.

"எனக்கு முன்னமே யாரோ இங்கே வந்திருக்கிறார்கள்," என்றாள் மெதுவாக.

அடியில் களிமண். அதில் ஒரு வட்டம் பதிந்திருந்தது. என் செம்பின் அடிவட்டம். அதற்கு ஒரு சாண் தள்ளி அந்தச் சாமியாரின் தலை.

உள்குழியை நிரப்பியிருந்த மண்ணை அவள் கையில் அள்ளினாள். பொசுபொசுவென்ற மண்ணிறம். என் மண் இல்லை. நடுவில் வெள்ளைப் பொரி மாதிரி மணிகள்.

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கையை நீட்டி அதில் கொஞ்சம் வாங்கி, மடியில் விரித்திருந்த புதுத் துணியில் முடிந்துகொண்டு உள்ளே வந்தேன்.

ஜூலை 24, புதன்

உப்புமா. சாப்பிடவில்லை.

ஜூலை 25, வியாழன்

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை. அதில்தான் நடந்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது மூலையில் மண் புதிதாக இருந்தது, குளிருக்குப் பசளை போட்டதாக வதனி சொன்னாள். அந்த வசந்தத்தில் பற்றை துளிர்க்கவில்லை. உறைபனியாம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எந்தக் கல்யாணத்தில் யார் எனக்குக் கத்தரிக்காய்க் கறி வைக்காமல் தாண்டிப் போனாள் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

இவ்வளவு நாளும் காலையில் தேத்தண்ணி ஊற்றியது வெறும் மண்ணுக்கு. ஏசியதும் வெறும் மண்ணைத்தான்.

அந்தத் தாடிச் சாமியார் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அவருக்குத் தமிழும் தெரியாது, பதில் சொல்லவும் தடை.

ஜூலை 26, வெள்ளி

வதனி வந்தாள். குசினி மேசையில் முடிச்சை அவிழ்த்துக் கொட்டினேன். மண்ணும் வெள்ளை மணியும்.

கையில் இருந்த பையை அவள் கீழே வைக்கவில்லை.

"அம்மா, நான் சொல்ல வேணுமெண்டுதான்..."

மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இனி அவளோடு கதை இல்லை.

ஜூலை 29, திங்கள்

நான் கதைக்கவில்லை. நான் கதைக்காததால் வதனி கதைப்பதில்லை. நாங்கள் இரண்டு பேரும் கதைக்காததால் குலேந்திரனுக்கும் பயம். வீடு மடமாகிவிட்டது.

இன்று காலை அவன் குசினி வாசலில் நின்று, தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டிவிட்டுச் சின்னி விரலைச் சூப்பினான். பால் வேண்டுமாம். ஐம்பத்தெட்டு வயது ஆம்பிளை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பாலை டொக்கென்று மேசையில் வைத்தேன்.

பேத்தி ஆரணி மஞ்செஸ்டரில் இருந்து போன் எடுத்து, "அம்மம்மா, ஏன் அம்மா அழுறா?" என்று கேட்டாள். வெங்காயமாக இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மூடுகிறார்கள். சாமியாரை எடுக்கவில்லை, இருந்த இடத்திலேயே விட்டு மண் போட்டார்கள். அது நல்ல வேலை.

மூடுவதற்கு முன் ஜூடித் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள், என் குழியைக் கீறி வைக்கலாமா என்று. வெட்டின எந்தக் குழியையும் விடாமல் கீற வேண்டுமாம், சாமிமார் வெட்டினதென்றாலும் நான் வெட்டினதென்றாலும். நான் விரும்பாவிட்டால் யார் வெட்டியது என்று எழுதமாட்டாளாம்.

எழுது என்றேன். இரண்டையும் எழுது. தொள்ளாயிரம் வருஷம் கழித்து வருகிறவனுக்கும் தெரியட்டும், என் பிள்ளை எனக்குச் செய்தது.

போகும்போது ஒரு சாடியில் கொத்தமல்லி நாற்றுக் கொண்டுவந்து தந்தாள். கடைச் சாடி, கடை மண். வெள்ளை மணி. அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. யன்னலில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

நாளைக்கு ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதம் பிடிக்கிற நாள். ஊரில் கசக்கிற காத்தோட்டிக்காய் சமைப்போம். இங்கே அது கிடையாது. வதனி லீட்ஸுக்குப் போய்ப் பாகற்காய் வாங்கி வந்திருக்கிறாள். வழமையாக நான்தான் வெட்டுவேன். வெட்டவில்லை. அவள் வெட்டுவது தெரிந்தது, மொத்தம் மொத்தமாக.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வதனி முழுகிவிட்டு, தண்ணிகூடக் குடிக்காமல் சமைத்தாள். நான் மேலே இருந்தேன். பெருங்காயம் போடவில்லை என்று மணத்திலேயே தெரிந்தது. மத்தியானம் ஓர் இலையில் சோறும் கறியும் கொண்டுபோய்ப் பின்மதிலில் வைத்து, காகத்தைக் கூப்பிட்டாள். மடத்துத் தூணில் குந்தியிருக்கும் சின்னக் காகங்கள், ஒன்றும் வரவில்லை. வெயிலில் கைகூப்பிக்கொண்டு நின்றாள். நேரம் போனது. காகம் தொடாமல் அவள் சாப்பிட முடியாது.

யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு இறங்கிப் போனேன். "கா, கா" என்று நான் கூப்பிட்டேன். என் குரலுக்குப் பயந்தோ என்னவோ, ஒன்று வந்து பாகற்காயைக் கொத்தியது.

"சாப்பிடு," என்றேன்.

அவள் தன் இலையை எடுத்துவந்து மடியில் வைத்தாள், சாப்பிடவில்லை. மூடிய குழிப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர். இனி இவவாலை பிளேன் ஏறேலாது எண்டு. அடுத்த வருஷமுமில்லை, ஒருக்காலுமில்லை எண்டு."

"எனக்குச் சொல்லேல்லையே."

"எப்பிடியம்மா சொல்லுறது? கட்டிலுக்குக் கீழை பெட்டி."

நான் அந்தப் பெட்டியை நினைத்தேன். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

"என்னைக் கேட்டனிதானே? நான் மாட்டனெண்டனான்."

"அதாலைதான் கேளாமல் செய்தனான். நீங்கள் போகவும் ஏலாது, என்னை விடவும் மாட்டியள். அப்பா இஞ்சை, ஆரோ ஒரு சாமியின்ரை காலடியிலை, எத்தினை வருஷமம்மா கிடக்கிறது?"

"தலையடியிலை," என்றேன். ஜூடித் காட்டியதை நான் கண்ணால் பார்த்தவள்.

அவளுக்குக் கொடுக்க என்னிடம் நூறு ஏச்சு இருந்தது. ஒழுங்காக அடுக்கியும் வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சொல்லு. முதலிலையிருந்து சொல்லு. ஒண்டும் விடாமல்."

சொன்னாள். கல்யாணத்துக்கு இரண்டு நாளைக்கு முந்தியே யாழ்ப்பாணம் போனாளாம். விடியப்புறம் கீரிமலை. பொம்பிளைப்பிள்ளையோ செய்யப்போறது, ஆம்பிளை ஒருதரும் இல்லையோ என்று ஐயர் கேட்டாராம். நான் ஒரே பிள்ளை என்றாளாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ப வாங்கோ பிள்ளை என்றாராம். எந்த ஐயர் என்று கேட்டேன். கட்டை ஆள், ஒரு கண்ணில் பூ விழுந்தவர் என்றாள். எனக்குத் தெரியும் அவரின் தகப்பனை.

கடல் எப்படிக் கிடந்தது என்று கேட்டேன். வெறுந்தகடு மாதிரி என்றாள். சாம்பலை விட்டபோது கொஞ்சம் காற்றடித்து அவள் சீலையில் பட்டதாம். அந்தச் சீலையை இன்றுவரை தோய்க்கவில்லையாம்.

"செம்பு?"

"செம்பையும் விட்டனான். அது போகேல்லை அம்மா. மிதந்து மிதந்து காலடிக்குத் திரும்பி வந்திட்டுது. தள்ளி விட்டன். பேந்தும் வந்திட்டுது."

எனக்குத் தெரியாமலே சத்தமாகச் சிரித்துவிட்டேன். தூணில் இருந்த காகம் எல்லாம் எழும்பிப் பறந்தன. வயிறு நோகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், அழுதாள், எது முதல் என்று தெரியவில்லை.

"கண்ணாடிக்கு ஒருக்கால், குடைக்கு ஒருக்கால்," என்றேன்.

"மூண்டாந்தரம் ஐயர் சொன்னார், உள்ளுக்குத் தண்ணி நிரப்பி விடச் சொல்லி. நிரப்பி விட்டன். போயிட்டுது."

விட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிறவருக்குப் போக மனம் வராது. கரையேறி, பின்னால் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். இது யாருக்கும் தெரிந்த முறை. அவளுக்கும் சொல்லித்தான் வளர்த்தேன்.

"திரும்பிப் பாத்தனியே?"

அவள் இலையில் சோற்றைப் பிசைந்தாள். மொத்தமாக வெட்டிய பாகற்காய்.

"பாத்தனான் அம்மா."

அதற்கு ஏச வேண்டும். ஏசவில்லை. நானும் பார்த்திருப்பேன்.